கடற்கரையில் ஆபத்து நேர்ந்தால் ஆயுர்வேதம் என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆயுர்வேதம் படித்துப் பட்டம் பெற்று, இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திற்கும் உச்சிப்புளிக்கும் இடையில் சிறிய வைத்தியசாலை ஒன்றை நடத்தி வருகிறேன். மூட்டுவலிக்கும் செரிமானக் கோளாறுக்கும் எண்ணெயோ கஷாயமோ வாங்க வருபவர்கள், கிளம்பும்போது வாசற்படியில் நின்று கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வேறு வகையானவை: பாம்புக்கடி, திருக்கை முள், கடலில் மூழ்கியவர், பனையிலிருந்து விழுந்தவர். ஒரே பதிலைப் பலமுறை சொல்லிவிட்டதால், கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

ஆயுர்வேதம் மெதுவாக் கேக்குற வைத்தியம்தானே டாக்டர், அதுல அவசர சிகிச்சைன்னு ஒன்னு இருக்கா?

இருக்கிறது. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் இரண்டு பெரும்பாலும் அவசரத்தைப் பற்றியவையே. உடலில் தைத்ததை எடுப்பது, வெட்டுக்காயத்தைத் தைப்பது, எலும்பு முறிவைச் சேர்ப்பது ஆகியவை சல்லிய தந்திரத்தில் அடங்கும். விஷக்கடியும் விஷம் உண்டதும் அகத தந்திரத்தில் அடங்கும். போருக்குச் செல்லும் அரசனின் கூடாரத்தை அடுத்து வைத்தியனின் கூடாரம் இருக்க வேண்டும் என்றும், விஷத்தாலும் அம்பாலும் வருந்துவோர் கொடியைக் கண்டு வருவதுபோல் தயங்காமல் அவனிடம் வந்து சேர்வர் என்றும், சுசுருதர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை சொல்கிறது.

மற்றொரு மூல நூலான சரக சங்கிதையின் ஆசிரியர் சரகர், விஷத்திற்கு மட்டும் 24 உபாயங்களை வகுத்திருக்கிறார். மூக்கில் மருந்திடுவதும் கண்ணில் மையிடுவதும் அவற்றுள் உண்டு. விழுங்க முடியாதவருக்கு மருந்தை வேறு வழியில் செலுத்த வேண்டும் என்ற சிந்தனை அதில் இருக்கிறது. பிறந்த குழந்தை மூச்சுவிடாமல் கிடந்தால் காதருகே இரண்டு கற்களைத் தட்டி ஒலியெழுப்பி, முகத்தில் நீர் தெளித்து, முறத்தால் விசிற வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆகவே இம்மருத்துவத்தை உண்டாக்கியவர்கள் அவசரத்தை அறியாதவர்கள் அல்லர். ஆனால் அன்று அவர்கள் செய்ததையே இன்று நாமும் செய்ய வேண்டுமா என்பது தனிக் கேள்வி. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன.

ஆயுர்வேதமும் சித்தாவும் ஒன்னுதானே?

இல்லை. வாதம், பித்தம், கபம் என்ற அடிப்படையும் பல மூலிகைகளும் இரண்டிற்கும் பொதுவானவை. நூல்களும் மருந்து செய்முறைகளும் படிப்பும் வெவ்வேறு. நம் மாவட்டத்தில் சித்த மருத்துவப் பிரிவுகளே அதிகம் என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைப்பது இயல்பு. இந்தப் பக்கத்தில் நான் சொல்பவை ஆயுர்வேத நூல்களைப் பற்றியவை; முதலுதவி பற்றிய பகுதிகள் எல்லோருக்கும் பொருந்தும்.

அவசரம்னா முதல்ல உங்ககிட்ட வரலாமா, நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணுமா?

நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பாம்புக்கடி, நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, மூச்சுத் திணறல், நிற்காத இரத்தப்போக்கு, நினைவிழப்பு, விஷம் உண்டது, கடலில் மூழ்கியது, பெரிய தீக்காயம் ஆகியவற்றுக்கு என் வாசலில் ஆட்டோவை நிறுத்தும் ஐந்து நிமிடமும் வீண். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் கட்டணமின்றி இயங்குகிறது. அது வருவதற்கு முன்பே முதலுதவியைத் தொலைபேசியில் சொல்லித் தருவார்கள்.

1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை, இராமேசுவரம் தீவில் ஒருவருக்கு ஆபத்து என்றால் ரயிலுக்கோ படகுக்கோ காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நிலையில் தீவிலேயே கிடைத்த வைத்தியத்தை நாடியதை எவரும் குறைசொல்ல முடியாது. இன்று பாலம் இருக்கிறது. இராமநாதபுரத்தில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பழக்கம் மட்டும் பாலம் இல்லாத காலத்திலேயே நின்றுவிட்டது என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றும்.

பாம்பு கடிச்சா மேல இறுக்கிக் கட்டணும்னு உங்க நூல்லயே இருக்காமே?

இருக்கிறது. கடித்த இடத்திற்கு நான்கு விரற்கடை மேலே துணி, தோல், மரப்பட்டை போன்றவற்றால் கட்ட வேண்டும் என்று சுசுருதர் தம் நூலில் விஷத்தைப் பற்றிய பகுதியான கல்பத்தானத்தில் சொல்கிறார். விஷமுறிவு ஊசி இல்லாத காலத்தில், விஷம் மேலே ஏறுவதைச் சிறிது நேரமாவது தள்ளிப்போட அவர்கள் கண்ட வழி அது. இதைச் சொல்பவர்கள் அதே அத்தியாயத்தில் பின்னால் வரும் பகுதியை மேற்கோள் காட்டுவதில்லை. கட்டு அளவுக்கு மீறி இறுகினாலும், கீறினாலும், கடுமையான பூச்சுகளைப் பூசினாலும் அந்த உறுப்பு வீங்கி, சதை அழுகி நாறும் என்றும், அது கொடியது என்றும் அவரே எச்சரித்திருக்கிறார்.

இன்றைய மருத்துவம் கட்ட வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். இறுக்கிக் கட்டினால் விஷமும் இரத்த ஓட்டமின்மையும் சேர்ந்து அந்தக் கையையோ காலையோ அழிக்கும். கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரே நேரத்தில் உடலுக்குள் பாயக்கூடும். செய்ய வேண்டியது எளிது. கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். எலும்பு முறிந்த காலைக் கம்பு வைத்து அசையாமல் கட்டுவதுபோல் அந்த உறுப்பை அசைவின்றி வையுங்கள். இரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்கம் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டியதில்லை.

கட்டு வேணாம்னா, கீறி ரத்தத்தை உறிஞ்சலாமா? சூடு வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். கீறுதலும் உறிஞ்சுதலும் சூடு வைத்தலும் 24 உபாயங்களில் அடங்கியவைதான். ஆயினும் மண்டலி வகைப் பாம்பு கடித்தால் எக்காரணம் கொண்டும் சூடு வைக்கக் கூடாது, விஷம் மேலும் பரவும் என்று சுசுருதர் தடுக்கிறார். மண்டலி என்பது விரியன் வகை. நம் வறண்ட மண்ணில் வாழும் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இரத்தத்தை உறைய விடாமல் செய்பவை. அப்படிப்பட்ட உடலில் பிளேடால் கீறினால் இரத்தம் நிற்காது.

இந்த இரண்டு விரியன்கள், நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவதே அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் விஷமுறிவு ஊசி. அதற்கான விஷத்தைச் சேகரித்துத் தருவதில் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பெரும் பங்குண்டு. பாம்பை அறிந்த மரபு மக்களின் அறிவு அந்த ஊசியில் கலந்திருப்பதால், அதை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

விஷக்கடி வைத்தியர் வேர் குடுத்து, மந்திரிச்சுப் பொழைச்சவுக எங்க ஊர்லயே எத்தனையோ பேர் இருக்காகளே?

இருக்கிறார்கள்; அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல. நம்மைக் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பும் சில வேளை விஷத்தைச் செலுத்தாமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். இவ்வாறு கடிபட்டவர் வேர் தின்றாலும் பிழைப்பார், தின்னாவிட்டாலும் பிழைப்பார். பிழைத்தவர் ஊரில் இருந்து கதை சொல்கிறார். பிழைக்காதவருடைய கதையைச் சொல்ல ஆள் இல்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்து உறங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ இல்லாமல், பல் தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுபவரின் இமைகள் தொங்கத் தொடங்கியிருந்தால் அது வாயுக்கோளாறு அல்ல. ஓமத் தண்ணீர் கேட்டு என்னிடம் வந்த ஒருவரை இமையைப் பார்த்துவிட்டுத்தான் ஆம்புலன்சில் ஏற்றினேன். தமிழ்நாடு அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. எனவே இப்போது ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும்.

வலையில ஏறுன கடல் பாம்பு கடிச்சா அதே ஊசிதானா?

இல்லை. மேலே சொன்ன ஊசி நான்கு நிலப்பாம்புகளுக்கானது. கடல் பாம்பின் விஷத்திற்கு அது பொருந்தாது. கடல் பாம்பு கடித்த இடத்தில் வலி குறைவாகவே இருக்கும். சில மணி நேரத்தில் உடல் முழுவதும் தசைவலி, கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கறுத்த சிறுநீர் ஆகியவை தோன்றும். மருத்துவமனையில் மூச்சுக் கருவியாலும் சிறுநீரகத்தைக் காக்கும் சிகிச்சையாலும் பலரைப் பிழைக்க வைக்க முடியும் என்பதால், ஊசி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. உறுப்பை அசையாமல் வைப்பது இதற்கும் பொருந்தும். நடுக்கடலில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அழையுங்கள். கைபேசி எடுக்காத இடத்தில் படகின் கம்பியில்லாக் கருவியில் சொல்லுங்கள்.

திருக்கை முள்ளு, கெளுத்தி முள்ளு குத்துனா பச்சிலை வச்சுக் கட்டலாமா?

எங்கள் கரையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இடுப்பளவு நீரில் பாசி எடுக்கும் பெண்களும், கரைவலை இழுப்பவர்களும், வலையிலிருந்து மீன் பிரிப்பவர்களும் கேட்பார்கள். சில மீன்களின் எலும்பிலும் பித்தத்திலும் விஷம் உண்டு என்று சுசுருதர் பட்டியலிட்டிருக்கிறார். தேள்கடிக்கு வெப்ப ஒத்தடம் கொடுப்பதும் பழைய முறைதான். இந்த இடத்தில் பழைய பழக்கமும் இன்றைய மருத்துவமும் கைகோத்து நிற்கின்றன. திருக்கை, கெளுத்தி போன்ற மீன்களின் முள்விஷம் புரதத்தால் ஆனது. வெப்பம் பட்டால் அதன் வீரியம் குறையும்.

குத்துப்பட்ட காலைப் பொறுக்கக்கூடிய சூட்டில், அதாவது சுமார் 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத மற்றொருவர் கைவைத்துப் பார்க்க வேண்டும். வலியில் துடிப்பவருக்குச் சூடு தெரியாது, கால் வெந்துபோகும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். வலி தணிந்த பின் நல்ல நீரில் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், தடுப்பூசியும் தேவைப்படும்.

பச்சிலை வைத்துக் கட்டுவதை நான் ஏற்பதில்லை. ஆழமான துளைக்குள் மண்ணும் கிருமியும் புகுந்து, மேலே இலையால் மூடினால் உள்ளே சீழ் பிடிக்கும். திருக்கை முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ தைத்திருந்தால் அதைப் பிடுங்கவே கூடாது. தைத்தபடியே அசையாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கடல் சொறி (ஜெல்லி மீன்) பட்டால் மணலால் தேய்ப்பது வழக்கம். அது தவறு, தோலில் ஒட்டியுள்ள கொட்டும் செல்கள் மேலும் வெடிக்கும். கடல்நீரால் அலசி, ஒட்டியுள்ள இழைகளை விரல் படாமல் எடுத்துவிடுங்கள்.

கடல்ல முங்குன ஆளைத் தலைகீழாப் புடிச்சு, வயித்தை அமுக்கித் தண்ணியை எடுக்கணும்ல?

சுசுருத சங்கிதையின் முதல் பகுதியான சூத்திரத்தானத்தின் 27-ஆம் அத்தியாயத்தில் ஏறத்தாழ இதுவே இருக்கிறது: வயிறு நிரம்ப நீர் குடித்தவரைத் தலைகீழாக்கி அழுத்த வேண்டும், உலுக்க வேண்டும், வாந்தி எடுக்க வைக்க வேண்டும், அல்லது வாய்வரை சாம்பல் குவியலில் புதைக்க வேண்டும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சி உடலுக்குச் சூடு தரும் என்பது கருத்தாக இருக்கலாம். தலைகீழாகச் சுற்றும் பழக்கத்தை அரியமான் கரையிலும் தனுஷ்கோடியிலும் இன்றும் பார்க்கலாம்.

மூழ்கியவர் இறப்பது வயிற்றில் உள்ள நீரால் அல்ல. மூச்சுக்காற்று நின்று மூளைக்கு உயிர்க்காற்று போகாததால். வயிற்றை அமுக்கினால் அந்த நீர் மேலேறி நுரையீரலுக்குள் போகும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றும் நேரம் முழுவதும் மூச்சின்றிக் கழியும். அவரைச் சமதரையில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்துங்கள். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் காற்றை ஊதுங்கள். பிறகு நடுமார்பில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், 30 அழுத்தத்திற்கு 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும் வரை தொடருங்கள். எழுந்து பேசிவிட்டாலும் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டுவது உண்டு.

மீன் முள்ளு தொண்டையில சிக்கினா சோத்து உருண்டையை முழுங்கலாமா?

வேண்டாம். சிறு முள் சில வேளை இறங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய முள்ளை உருண்டை இன்னும் ஆழமாகக் குத்த வைத்து உணவுக்குழாயைத் துளைக்கக்கூடும். முன் சொன்ன அதே 27-ஆம் அத்தியாயத்தில் இதற்கு ஒரு நுட்பமான வழி இருக்கிறது. மயிர்ச் சுருளை உறுதியான நூலில் கட்டி, நீர்த்த உணவோடு விழுங்கச் செய்து, வயிறு நிரம்பியதும் வாந்தி எடுக்க வைத்து, எலும்பு சுருளில் மாட்டியதும் நூலை இழுப்பார்கள். இன்று உள்நோக்கிக் குழாயால் பார்த்தபடியே முள்ளை எடுக்கிறார்கள். அந்தக் கருவியின் மூதாதையாக இதை நான் ரசிப்பேன். ஒருபோதும் செய்து பார்க்க மாட்டேன். எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, நெஞ்சில் வலித்தாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே போக வேண்டும்.

பேத்தை மீனைத் தெரியாமல் தின்று உதடும் நாக்கும் மரத்துப்போனாலும் இதே அவசரம்தான். அந்த விஷத்திற்கு ஆயுர்வேதத்திலும் நவீன மருத்துவத்திலும் முறிவு மருந்து கிடையாது. மூச்சுக் கருவி ஒன்றே காப்பாற்றும்.

கரி சுடுற மூட்டத்துல கை வெந்துபோனா தண்ணி ஊத்தக் கூடாதுன்னு பெரியவுக சொல்றாகளே?

பெரியவர்களின் சொல்லுக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. தீக்காயத்தை நான்கு நிலையாகப் பிரித்த சுசுருதர், தோல் நிறம் மாறும் அளவுக்கு மட்டும் சுட்ட முதல் நிலைக்கு வெப்பமே கொடுக்கச் சொல்கிறார். நீர் இயல்பிலேயே குளிர்ந்தது, இரத்தத்தை உறையச் செய்யும் என்பது அவர் தரும் காரணம். அதே அத்தியாயத்தில் மிக ஆழமாக வெந்த நிலைக்குக் குளிர்ந்த சிகிச்சையே விதிக்கப்படுகிறது. முதல் வரி மட்டும் ஊர் நினைவில் தங்கிவிட்டது போலும்.

முதல் நிலை பற்றிய அந்தக் கருத்து தவறானது. எந்த நிலையானாலும் வெந்த இடத்தின் மேல் குழாய்நீரை 20 நிமிடம் ஓட விட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. நெய், பற்பசை, மை, மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். தூய துணியால் தளர்வாக மூடிக் கொண்டுசெல்லுங்கள். காயம் ஆறத் தொடங்கி, மருத்துவர் அனுமதித்த பின்னர் நெய் சார்ந்த மேற்பூச்சுகளுக்கு இடம் உண்டு.

பனையில இருந்து விழுந்தவருக்குக் கட்டு வைத்தியர்கிட்ட போலாமா?

விழுந்தவுடன் கூடாது. மர்மங்கள் எனப்படும் உடலின் 107 உயிர்நிலைகளில் 19, அடிபட்டால் ஏழு நாட்களுக்குள் உயிரைப் போக்குபவை என்று நூல் சொல்கிறது. தலை, இருதயம், மூத்திரப்பை மூன்றும் தலையானவை. வெளியே சிறு சிராய்ப்பு மட்டும் இருக்க, உள்ளே இரத்தம் கசிந்து மறுநாள் நினைவு தப்பும் நிலையை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். பனை உயரத்திலிருந்து விழுந்தவரின் முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்று எண்ணியே கையாளுங்கள். கையையும் காலையும் பிடித்துத் தொட்டில்போல் தூக்காமல், கதவுப்பலகை மேல் தலையும் உடலும் நேர்கோட்டில் இருக்கும்படி நகர்த்துங்கள்.

இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து நேராக அழுத்திப் பிடியுங்கள். சாலை விபத்தாக இருந்தால், 2021-இல் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமின்றி உண்டு. பணத்தை நினைத்துத் தயங்கி நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நெஞ்சு வலிக்குச் சுக்குக் கஷாயம் குடிச்சுப் பாத்துட்டுப் போலாமா? பக்கவாதத்துக்கு ஆயுர்வேதம்தானே நல்லது?

குடித்துப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். வியர்வையோடு கூடிய நெஞ்சு அழுத்தமோ, தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலியோ இருந்தால் அது வாயுவா மாரடைப்பா என்பதை என்னாலும் நாடி பார்த்துச் சொல்ல முடியாது. இருதய மின்வரைபடம்தான் சொல்லும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் முதல்வேளை மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

பக்கவாதத்தில் அடைபட்ட இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். எண்ணெய் தேய்ப்பு, ஒத்தடம், வஸ்தி (ஆசனவாய் வழியே மருந்து செலுத்துவது) ஆகியவை மறுவாழ்வுக் கட்டத்திற்கு உரியவை. வாரங்கள் கழித்து வாருங்கள், அப்போது என்னால் இயன்றதைச் செய்வேன்.

மயங்கி விழுந்தவுக வாயில சோடாவோ சுக்குத் தண்ணியோ ஊத்தலாமா?

நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போகும். ஒருக்களித்துக் கிடத்தி மூச்சைக் கவனியுங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவி திணிப்பதாலும் பல்லிடுக்கில் கரண்டி செருகுவதாலும் பயன் ஏதுமில்லை.

சந்நியாசம் எனப்படும் ஆழ்ந்த நினைவிழப்பைப் பற்றிச் சரகர் ஓர் உவமை சொல்வார். ஆழமான நீரில் மூழ்கும் பாத்திரத்தை, அது அடியைத் தொடுமுன் விரைந்து எட்டிப் பிடிப்பதுபோல் அந்த நோயாளியைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்பது அது. கடலில் எதையாவது நழுவவிட்ட எவருக்கும் அந்த விரைவு விளங்கும். அதற்கு அவர் சொல்லும் காரமான நசியத்தையும் (மூக்கில் இடும் மருந்து) ஊசிக் குத்தலையும் இன்று நாம் செய்ய வேண்டியதில்லை. விரைவு மட்டும் அப்படியே தேவை.

விஷம் குடிச்சவுகளை வாந்தி எடுக்க வச்சா சரியாயிரும்ல?

உண்ட விஷத்திற்கு வமனம், அதாவது வாந்தி எடுக்க வைப்பது, முதல் உபாயம் என்று நூல்கள் சொல்வது உண்மை. ஆனால் மண்ணெண்ணெய், அமிலம் போன்றவை வாந்தியாக மேலே வரும்போது இரண்டாம் முறை புண்ணாக்கும், நுரையீரலுக்கும் போகும். உப்புக் கரைசலும் சாணிக் கரைசலும் தனியே கேடு செய்யும். வாந்தி எடுக்க வைக்காமல், குடித்த பொருளின் புட்டியோடு கொண்டுசெல்லுங்கள். அரளி விதையும் எலியைக் கொல்லும் விஷப் பசையும் தொடக்கத்தில் ஆளை நலமாகவே காட்டும். பசை இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரலைக் கெடுக்கும். அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். மனம் உடைந்த நிலையில் இருப்பவர் 104-ஐ எந்நேரமும் அழைத்துப் பேசலாம்.

ஆஸ்பத்திரியில சேத்த பெறகு, அவுகளுக்குத் தெரியாம உங்க மருந்தையும் சேத்துக் குடுக்கலாமா?

தெரியாமல் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஆனந்தபைரவ ரஸம் போன்ற மாத்திரைகளில் சுத்தி செய்த வச்சநாபி என்ற நச்சு வேரும் பாதரசக் கலவையும் உண்டு. வச்சநாபி அளவு மீறினால் இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப்பொருள் பட்டியலில் வருவதால், இத்தகைய மருந்துகளின் மேலுறையில் மருத்துவர் கண்காணிப்பில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். அப்பாவியாகத் தோன்றும் அதிமதுரமும் அதிகமானால் உடலின் பொட்டாசியத்தைக் குறைத்து, சில இருதய மருந்துகளோடு மோதும்.

ஏற்கெனவே எங்கள் மருந்தைச் சாப்பிட்டுவந்தவர் என்றால் அதையும் அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி மறைத்ததால், துடிப்பு ஏன் தாறுமாறாக இருக்கிறது என்று மருத்துவர்கள் ஒரு பகல் முழுவதும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆயுர்வேத டாக்டர் ஆபரேஷனே செய்யலாம்னு சட்டம் வந்துருச்சாமே?

2020 நவம்பரில் வந்த அறிவிக்கை, சல்லியம், சாலாக்கியம் ஆகிய பிரிவுகளில் முதுநிலைப் படிப்பவர்கள் பயிற்சி பெற வேண்டிய 58 அறுவைமுறைகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் 39 பொது அறுவை, 19 கண், காது, மூக்கு, தொண்டை சார்ந்தவை. நவீன மருத்துவர்களின் சங்கம் அதை எதிர்த்தது. அந்த முதுநிலைப் படிப்பைப் படிக்காத எனக்கும், நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் உங்களுக்கும் அதனால் எந்த மாற்றமும் இல்லை.

நூல்ல இருக்குறதையே தப்புன்னு சொல்றீக, அப்ப உங்க மருந்தை மட்டும் எப்படி நம்புறது?

என்னைத் திணறடித்த கேள்வி இது. கேட்டவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். யோசித்தபின் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சரகர் உள்மருந்து வைத்தியர். வயிற்றில் பழுத்த குன்மக் கட்டியைப் பற்றி எழுதும்போது, இந்த இடத்தில் அதிகாரம் தன்வந்திரி வழியினருக்கு, அதாவது அறுவை வல்லாருக்கு உரியது என்று விலகிக்கொள்கிறார். கண்நோயைப் பற்றிய பகுதியில், பிறருடைய அதிகாரத்திற்கு உட்பட்டதில் விரித்துரைப்பது தகாது என்கிறார். என் துறை இதுவரைதான் என்று சொல்வதும் அந்த நூலின் போதனைதான். ஆகவே நான் உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அதை மீறவில்லை, பின்பற்றுகிறேன்.

தலைகீழாகத் தொங்கவிடுதலும் முதல் நிலைச் சுடுபுண்ணுக்கு வெப்பமும் தவறு என்று இன்று தெரிகிறது. முள்குத்துக்கு வெப்பமும், இறுக்கிக் கட்டினால் சதை அழுகும் என்பதும் சரி என்று தெரிகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட்டுத்தான் ஏற்கவோ தள்ளவோ முடியும். மூட்டுவலிக்கு நான் தரும் எண்ணெயையும் அவ்வாறே கேள்வி கேளுங்கள். எனக்கு அதில் மனக்குறை இல்லை.

சரி, வீட்டுலயும் கடலுக்குப் போற வல்லத்துலயும் என்னதான் வச்சுக்கிறது?

ஆபத்து வந்த பிறகு, விலைக்குக் கிடைக்கும் என்றாலும் மருந்துகளை உடனே திரட்டுவது எளிதல்ல. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும் என்று சரகர் எழுதியிருக்கிறார். சுத்தமான துணிப்பட்டைகள், கையையோ காலையோ அசையாமல் கட்ட இரண்டு தட்டைக் கம்புகள், கத்தரி, கையுறை, வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆகியவை போதும். பொட்டலத்தின் மேல் எழுதிய அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஆயுர்வேதம் சொல்லும் நெற்பொரிக் கஞ்சியையும் அதனோடு தாராளமாகக் கொடுக்கலாம். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொண்டால் கட்டுவிரியனும் உள்ளே வராது. டார்ச் விளக்கை மறக்காதீர்கள்.

ராத்திரி எந்நேரமும் உங்களுக்குப் போன் போடலாமா டாக்டர்?

போடலாம், ஆனால் முதல் அழைப்பு 108-க்குப் போகட்டும். வண்டி வந்துகொண்டிருக்கும்போது என்னை அழைத்தால், நோயாளியை எப்படிக் கிடத்துவது, எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்வேன். அவர் ஏற்கெனவே என்னிடம் வாங்கிய மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதி அனுப்புவேன். அந்தச் செய்தியை மருத்துவமனையில் காட்டுங்கள்.